படிக்கப் போகும் பிள்ளையும் அறிஞர் அஸீஸும்

நம் வியாபார அன்பர் ஒருவர் வீட்டுப் பிள்ளைக்குப் பல்கலைக் கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தால், அன்று கடைத் தெருவெங்கும் இனிப்பு வழங்கப்படுகிறது. ஆனால் அன்றிரவே, இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடும் வேளையில், அதே தகப்பனார் முகத்தில் ஒரு கவலை படர்வதையும் நாம் கண்டிருக்கிறோம். விடுதியில் தங்கப் போகும் பிள்ளை ஐவேளைத் தொழுகையைப் பேணுமா, சேர்க்கை கெட்டுவிடுமா, பட்டம் வாங்கி வரும்போது ஈமானையும் பத்திரமாகக் கொண்டு வருமா என்பதே அந்தக் கவலை. இது புதிய கவலையன்று. இங்கிலீஷ் படித்தால் மார்க்கம் போய்விடும் என்று அஞ்சி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் கல்லாப் பெட்டியில் உட்கார வைத்த தலைமுறை நம் பாட்டனார் தலைமுறை.

இந்தக் கவலைக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்து சென்றவர் மர்ஹூம் அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். இலங்கைத் தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே அவர் பெயரை அறியாத படித்தவர் இலர். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உள்ள நம்மவரில் பலருக்கு அது தெரியாமலிருப்பது ஒரு குறைதான். அக்குறையை நீக்கவே இச்சிறு வரலாற்றை எழுதுகிறோம். நாம் மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு நின்று, கடைக்கு வந்தவர். பிழையிருந்தால் கற்றறிந்தோர் பொறுத்தருள்க.

யாழ்ப்பாணத்தார் என்றால் பிரிக்பீல்ட்ஸ்வாசிகளாகிய நமக்கு அந்நியர் அல்லர். வெள்ளைக்காரன் காலத்தில் இரயில்வே உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே குடியேறிய யாழ்ப்பாணக் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அவ்வூரில் நம் சமூகத்தாரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1990-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அந்தத் துயரம் நேரும் வரை, பாங்கொலியும் கோயில் மணியும் அங்கே ஒரே காற்றில்தான் கலந்து வந்தன.

அந்த யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1911-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் அஸீஸ் அவர்கள் பிறந்தார்கள். தகப்பனார் அபூபக்கர் அவர்கள் சட்டத் தொழில் புரிந்தவர், ஊரில் மதிப்புப் பெற்றவர். பிள்ளையை முதலில் குர்ஆன் மதரஸாவில் ஓத வைத்தார். பிறகு செய்ததுதான் கவனிக்கத்தக்கது. இராமகிருஷ்ண மிஷனைச் சேர்ந்த வைத்தீஸ்வர வித்தியாலயத்தில் சேர்த்தார். அங்கிருந்து 1923-இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கு அனுப்பினார். 1929 வரை அங்கே படிப்பு. திருநீறு அணிந்த ஆசிரியர்களும் மாணவர்களும் நிறைந்த இடத்தில் தொப்பி அணியும் குடும்பத்துப் பிள்ளை ஆறு ஆண்டுகள் இருந்தது. அந்தப் பிள்ளையின் மார்க்கத்துக்கு ஒரு குறைவும் வரவில்லை. அதற்கு மேலாகச் செந்தமிழும் கிடைத்தது. பிற்காலத்தில் முஸ்லிம்களின் தாய்மொழி தமிழே என்று அவர் சபையில் நின்று வாதாடியதற்கு அடித்தளம் இங்கேதான் இடப்பட்டது என்பது நம் அபிப்பிராயம்.

இன்றைய தகப்பன்மார் அஞ்சும் இடம் பல்கலைக் கழகம். அன்றைய தகப்பன்மார் அஞ்சியது சாதாரணப் பள்ளிக்கூடத்துக்கே. கிறிஸ்தவப் பாதிரிமார் நடத்திய பள்ளிகளே அதிகமாயிருந்த காலத்தில் அந்த அச்சத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஆயினும் அபூபக்கர் அவர்கள் முதலில் மதரஸா, அதன்பின் கல்லூரி என்று வரிசையாக வைத்தாரே, அந்த வரிசையை நாம் மனத்தில் வைக்க வேண்டும். கடையில் சரக்கு அடுக்குவதைப் போலத்தான். கனமானதை அடித்தட்டில் வைத்தால் மேலே எதை அடுக்கினாலும் சாயாது.

கொழும்பிலிருந்த பல்கலைக் கழகக் கல்லூரியில் சரித்திரம் பயின்று 1933-இல் சிறப்புப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு அரசாங்க உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். அங்கிருக்கையிலேயே சிவில் சர்வீஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1935-இல் நாடு திரும்பினார். இலங்கைச் சிவில் சர்வீஸில் அமர்ந்த முதல் முஸ்லிம் இவரே. வெள்ளைக்கார ஆட்சியில் அந்த உத்தியோகத்துக்கு இருந்த மதிப்பை இன்றைய வாலிபர்களுக்கு எடுத்துச் சொல்லிப் புரிய வைப்பது கடினம். பங்களா, சேவகர், ஓய்வூதியம் எல்லாம் உண்டு. பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள்.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. 1942-இல் ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்ததும் நம் முன்னோர் இங்கே மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதை நமக்குத் தெரியும். பர்மாவும் அவர்கள் கைக்குப் போனதால் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுவிட்டது. சோறு உண்ணும் தேசத்தில் அரிசி இல்லை. உள்நாட்டிலேயே நெல் விளைவிக்க வேண்டிய நெருக்கடியில், கிழக்கு மாகாணத்துக் கல்முனைக்கு அஸீஸ் அவர்களை அரசாங்கம் அவசர உதவி அதிகாரியாக அனுப்பிற்று. காடாய்க் கிடந்த பூமி வயலாக வேண்டும், அதுவும் விரைவில்.

கல்முனைப் பகுதியில் நம்மவர் பெரும்பாலும் வியாபாரிகள் அல்லர், உழவர்கள். அவர்களோடு வரப்பில் நடந்த இந்த அதிகாரி, நெல்லைப் பார்க்கப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டார். மூளையுள்ள பிள்ளைகள், மார்க்கப் பற்றுள்ள குடும்பங்கள், ஆனால் மேல்படிப்புக்கு வழி இல்லை. அச்சமயம் பக்கத்துக் காரைதீவைச் சேர்ந்த விபுலானந்த அடிகளின் நட்பும் அவருக்குக் கிடைத்தது. அடிகள் 1943-இல் இலங்கைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். ஒரு சைவத் துறவியும் ஒரு முஸ்லிம் அதிகாரியும் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிக் கவலைப்பட்டுக் கொண்டிருந்த காட்சி நினைக்க நினைக்க இனிக்கிறது. கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்று 1942-இலேயே அஸீஸ் அவர்களின் முயற்சியால் எழுந்தது.

அந்த வித்து 1945-இல் பெருமரமாயிற்று. அவ்வாண்டு மே மாதம் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி என்னும் ஸ்தாபனத்தை அவர் நிறுவினார். வறிய முஸ்லிம் மாணவர்களுக்கு உயர்கல்விக்குப் பொருளுதவி செய்வது அதன் நோக்கம்.

இங்கே வியாபாரிகளாகிய நாம் சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டும். அதே 1945-இல்தான் இலங்கை அரசாங்கம் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தது. அப்படியிருக்க நிதி எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். சம்பளம் கட்ட வேண்டாம் என்று அரசாங்கம் சொல்லும். தங்கும் அறைக்கு வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, புத்தகம், துணி, ஊருக்குப் போய்வர இரயில் காசு, இவற்றையெல்லாம் யார் கொடுப்பார்? பிள்ளை சம்பாதிக்கும் வயதில் படிக்கப் போவதால் வீட்டில் விழும் நஷ்டத்தை யார் ஈடு செய்வார்? அஸீஸ் அவர்கள் அதிகாரியாயிருந்தும் இந்தச் சில்லறைக் கணக்கை அறிந்திருந்தார். பெரிய தொகைகளை மட்டும் பார்க்கிறவனுக்குக் கடை நடத்தத் தெரியாது என்று நம் வாப்பா சொல்வது நினைவுக்கு வருகிறது.

சொல்லத் தயக்கமாயிருந்தாலும் நம் வீட்டு விஷயம் ஒன்றையும் இங்கே எழுதுகிறோம். நம் மூத்த மகன் இந்த வட்டாரத்துக்கு வெளியே ஒரு பல்கலைக் கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது கடையில் வியாபாரம் மந்தமாயிற்று. மாதாமாதம் அனுப்பிய வெள்ளியில் குறைத்தோம். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. தினமும் இரவில் தொலைபேசியில் கூப்பிட்டு, தொழுதாயா என்று கேட்போம். தொழுதேன் என்பான். நமக்கும் மனம் நிறைந்துவிடும். மூன்று மாதம் கழித்து அவன் வீட்டுக்கு வந்தபோது தாயார் அவன் சட்டையைப் பார்த்து அழுதுவிட்டாள். தோளிலிருந்து நழுவி நின்றது. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு இரவில் ஒருவேளை மட்டும் உண்டிருக்கிறான். இரவில் தூக்கமில்லை, பாடம் மனத்தில் நிற்கவில்லை, தோழர்களோடு பேச்சில்லை. தொழுகையை மட்டும் விடவில்லை. அந்தத் தொழுகைதான் தன்னைப் பிடித்து நிறுத்தியது என்று அவனே சொன்னான். மறுப்பதற்கில்லை. ஆனால் தகப்பனாகிய நாம் சாப்பிட்டாயா என்று ஒருநாளும் கேட்கவில்லையே என்பது இன்றும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. பிள்ளையின் மார்க்கத்தைப் பற்றி விசாரிப்பது நமக்குச் செலவில்லாத காரியம். அவன் வயிற்றையும் மனத்தையும் பற்றி விசாரித்தால் செலவு வந்துவிடும். அதனால்தானோ என்னவோ நம்மில் பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறோம்.

அஸீஸ் அவர்களின் வரலாற்றைப் படிக்கையில் இரண்டும் ஒன்றாகவே நடந்து வருவதைக் காண்கிறோம். ஒரு கையில் கல்விச் சகாய நிதி. மறு கையில் 1950-இல் தொடங்கப்பெற்ற அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவை. அதன் முதல் தலைவர் அவரே. ஊர்தோறும் கிளைகள் எழுந்தன. வாலிபன் தனித்து விடப்படாமல் தன்னைப் போன்ற நாலு பேரோடு கூடித் தொண்டு செய்ய ஓரிடம் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இவற்றுக்கிடையில் வந்ததுதான் அவர் வாழ்வின் பெரிய திருப்பம். கொழும்பு மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி 1892-இல் ஒரு மதரஸாவாகத் தொடங்கியது ஸாஹிராக் கல்லூரி. அறிஞர் சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்காயர் ஆகியோர் அதற்கு உழைத்தவர்கள். எகிப்திலிருந்து பிரிட்டிஷாரால் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டிருந்த தளபதி அறபி பாஷாவும் அதற்கு ஊக்கமூட்டினார். 1921 முதல் அதை வளர்த்தெடுத்தவர் டி. பி. ஜாயா அவர்கள். இவர் மலாய் வம்சத்தவர் என்பதை இந்நாட்டில் இருக்கும் நாம் சற்றுப் பெருமையோடு குறிப்பிடலாம். அவர் 1960-இல் புனித மதீனாவில் மௌத்தானார்.

ஜாயா அவர்கள் அதிபர் பதவியை விட்டபின், 1948 ஆகஸ்டில் அந்த நாற்காலியில் வந்து அமர்ந்தார் அஸீஸ். இலங்கை சுதந்திரம் பெற்று ஆறு மாதம் ஆகியிருந்த வேளை அது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போக, சிவில் சர்வீஸில் இருந்த சுதேசிகளுக்கெல்லாம் மேலிடங்கள் காலியாகிக் கொண்டிருந்தன. முப்பத்தாறு வயது, பதின்மூன்று ஆண்டு அனுபவம், முன்னே நீண்ட பாதை. அதை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூடத்துக்கு அதிபராகப் போகிறேன் என்று ராஜினாமாச் செய்தார். கடையை நல்ல விலைக்கு விற்கும் நேரத்தில் சாவியை மேசை மேல் வைத்துவிட்டு வெளியேறியவரைப் போல இருந்தது பலருக்கு. நம் தெருவில் ஒருவர் இப்படிச் செய்தால் நாம் என்ன பேசுவோம் என்று எண்ணிப் பார்க்கிறோம். நல்லதாகப் பேசியிருக்க மாட்டோம்.

அவர் அங்கிருந்த பதின்மூன்று ஆண்டுகளை ஸாஹிராவின் பொற்காலம் என்றே பழைய மாணவர்கள் கூறி வருகிறார்கள். அங்கே பாட வகுப்பும் பள்ளிவாசலும் ஒரே வளவில் இருந்தன. வகுப்பு முடிந்து நாலு எட்டு வைத்தால் ஹவுள். தொழுவதற்காக ஒருவரிடம் அனுமதி கேட்டு, வெட்கப்பட்டு, மூலை தேட வேண்டிய நிலை மாணவனுக்கு இல்லை. மார்க்கத்தைப் பேணுவது ஒரு போராட்டமாக இல்லாமல் அன்றாட வாடிக்கையாக இருந்த இடத்திலிருந்து பல்கலைக் கழகம் போன பிள்ளை, அங்கே போனதும் தன்னை இழந்துவிடுவதில்லை. பிற்காலத்தில் இலங்கையில் வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் அதிகாரிகளாகவும் விளங்கிய நம் சமூகத்தவர் பலர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள்.

அதே வாசல் மற்றவர்களுக்கும் அடைக்கப்படவில்லை. தமிழ் ஆராய்ச்சியில் பெரும்புகழ் பெற்ற பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அவர்கள் ஸாஹிராவில் படித்தவர், பின் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். வடமராட்சித் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, போதாக்குறைக்கு இடதுசாரிக் கொள்கைக்காரர். அப்படிப்பட்டவரையும் ஒரு முஸ்லிம் கல்லூரியின் அதிபர் அரவணைத்து வைத்திருந்தார். இந்துக் கல்லூரியில் தமக்குக் கிடைத்ததை ஸாஹிராவில் திருப்பிக் கொடுத்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. வியாபாரியின் மொழியில் சொன்னால், பழைய பாக்கி தீர்ந்தது.

1952-இல் அவர் செனட் சபை உறுப்பினராகவும் ஆனார். அரசியலைப் பற்றி நாம் அதிகம் எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்ற சட்டம் வந்தது. தாம் சேர்ந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சியும் அந்த வழியிலேயே சாய்ந்துவிட்டதால் அஸீஸ் அவர்கள் அக்கட்சியை விட்டு விலகினார். நம் சமூகத்துத் தலைவர்களில் வேறு சிலர் காற்றடிக்கும் பக்கம் திரும்பி நின்ற நேரம் அது. இலங்கை முஸ்லிம்களின் இல்லமொழி தமிழ், அவர்கள் மார்க்கத்தைப் படித்ததும் அம்மொழியில் என்பது அவர் கட்சி. தாயிடம் கேட்ட மொழியில் மார்க்கத்தை அறிந்த பிள்ளைக்கு அது உள்ளத்தில் ஊன்றுகிறது. மற்ற மொழியில் கற்றது பரீட்சையோடு போனாலும் போகும். நம் பிள்ளைகள் மலாயிலும் இங்கிலீஷிலும் படித்து முன்னேறட்டும், வேண்டியதே. வீட்டில் தமிழில் மார்க்கம் பேசுவதை நாம் நிறுத்திவிட்டோமா என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டும்.

1960, 1961-ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பள்ளிகளை இலங்கை அரசாங்கம் தன் வசம் எடுத்துக்கொண்டது. 1961-இல் அஸீஸ் அவர்கள் ஸாஹிராவை விட்டு விலகினார். அதன்பின் அரசாங்க ஊழியர் ஆணைக்குழுவில் உறுப்பினராயிருந்தார், பயணம் செய்தார், எழுதினார். 1963-இல் வெளிவந்த இலங்கையில் இஸ்லாம் என்னும் அவருடைய தமிழ் நூலுக்கு அந்நாட்டுச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. எகிப்துப் பயணத்தைப் பற்றி மிஸ்ரின் வசியம் என்றொரு நூலும் எழுதினார். முன்னர் 1947-இல் அவர் எகிப்துக்குப் போய் அங்குள்ள கல்வி முறையைப் பார்த்து வந்தவர்.

அவருடைய கடைசி ஆண்டில் நடந்த ஒரு காரியம் வியாபாரிகளாகிய நமக்கு மிகவும் நெருக்கமானது. பேருவளையைச் சேர்ந்த நளீம் ஹாஜியார் அவர்கள் இரத்தினக்கல் வியாபாரி. வறுமையில் பிறந்து, பள்ளிப் படிப்புக் குறைவாய் வளர்ந்து, கல்லில் செல்வம் கண்டவர். அவர் தம் பொருளைக் கொண்டு 1973 ஆகஸ்டில் ஜாமிஆ நளீமிய்யா என்னும் கலாபீடத்தைத் தோற்றுவித்தார். மார்க்கக் கல்வியையும் பல்கலைக் கழகக் கல்வியையும் ஒரே மாணவனுக்கு ஒரே கூரையின் கீழ் தர வேண்டும் என்பது அதன் திட்டம். அதைத் தொடங்குவதற்குத் துணை நின்ற அறிஞர்களில் அஸீஸ் அவர்களும் ஒருவர். மதரஸாவும் இந்துக் கல்லூரியும் கேம்பிரிட்ஜும் கண்ட மனிதர் ஒரு பக்கம், எதையும் அதிகம் படிக்காத வியாபாரி மறு பக்கம். ஒருவரிடம் யோசனை, மற்றவரிடம் பொருள். நம் கிள்ளான் பட்டணத்திலும் 1955-இல் சிலாங்கூர் சுல்தானின் பழைய அரண்மனையில் இஸ்லாமியக் கல்லூரி தொடங்கியதை அறிவோம். அங்கே கட்டடம் கொடுத்தவர் அரசர். பேருவளையில் கொடுத்தவர் ஒரு கடைக்காரர். நாம் கல்லா முன் உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி நினைத்துக்கொள்வது இதைத்தான்.

நளீமிய்யா திறந்து மூன்று மாதம் ஆனபோது, 1973 நவம்பர் 24-ஆம் நாள் அஸீஸ் அவர்கள் காலமானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது அறுபத்திரண்டு.

அவர் பிறந்த யாழ்ப்பாணத்தில் அவருடைய இளமையில் பல்கலைக் கழகம் கிடையாது. அதனால்தான் கொழும்புக்கும் அப்பால் கேம்பிரிட்ஜுக்கும் போக வேண்டியிருந்தது. அவர் மறைந்த மறு ஆண்டு, 1974-இல், அவ்வூரிலேயே பல்கலைக் கழக வளாகம் ஒன்று அமைந்து, பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக் கழகமாயிற்று. அது 1980-இல் நடத்திய முதல் பட்டமளிப்பு விழாவில், மர்ஹூம் அஸீஸ் அவர்களுக்கு இலக்கிய கலாநிதிப் பட்டத்தை வழங்கிக் கௌரவித்தது. வண்ணார்பண்ணையிலிருந்து அந்தப் பல்கலைக் கழகத்துக்கு நடந்தே போய்விடலாம்.